நுளம்பு மாதிரிகளுக்கான ஆர்.என்.ஏ. தரச் சோதனைச் சேவை: ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்திலிருந்து உலர்பனிப் பெட்டியில் நாங்கள் அனுப்பிய நுளம்பு ஆர்.என்.ஏ. மாதிரிகளை, 28எஸ் பட்டை (ஆர்.என்.ஏ.யை நீளப்படி பிரித்து ஓட்டும்போது தெரியும் இரு முதன்மைக் கோடுகளில் நீளமான மூலக்கூறுக்குரியது) தென்படவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் 'சிதைந்தவை' என்று இச்சேவை நிராகரித்தது. பெரும்பாலான பூச்சிகளில் 28எஸ் இறைபோசோம் ஆர்.என்.ஏ. (கலத்தில் புரதம் தயாரிக்கும் இறைபோசோமின் ஒரு பகுதி) இயல்பாகவே நடுப்பகுதியில் வெட்டப்பட்டு, ஐதரசன் பிணைப்புகளால் மட்டுமே ஒன்றாக நிற்கிறது. சோதனைக்கு முன் 70 பாகை செல்சியஸில் சூடாக்கியதும் இரு துண்டுகளும் பிரிந்து, ஏறத்தாழ 2000 நியூக்கிளியோதைட்டு (ஆர்.என்.ஏ. இழையின் அலகு) நீளமுள்ள 18எஸ் என்ற சிறிய இறைபோசோம் ஆர்.என்.ஏ.யுடன் ஒரே பட்டையாக ஓடிவிடுகின்றன. முலையூட்டிகளின் 28எஸ், 18எஸ் பட்டை விகிதத்தை நுளம்புக்கும் அளவுகோலாக்கியதே தவறு. சூடாக்காமல் மறுபடி ஓட்டிப் பார்க்கும்படி கேட்டபோது மறுக்காமல் செய்தார்கள். 28எஸ், 18எஸ் ஆகிய இரு பட்டைகளும் தெளிவாகத் தெரிந்தன. கட்டணத்தை மட்டும் இரண்டாம் முறையும் அறவிட்டார்கள்.