திருவனந்தபுரத்தில் விமானம் ஏற: நாலு மணி நேரமா, மூன்றா, இரண்டா?

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவர் வீட்டில் கடைசியாக நடக்கும் வாக்குவாதம், எத்தனை மணிக்கு வண்டியை எடுப்பது என்பதுதான். நாலு மணி நேரத்துக்கு முன்னாலேயே அங்கே நிற்க வேண்டும் என்பார் அப்பா. பத்து வருடமாக மஸ்கட் போய்வரும் அத்தான், "ரெண்டு மணி நேரம் போதும், சும்மா போய் எதுக்கு உக்காந்திருக்கணும்?" என்பார். டிராவல்ஸில் மூன்று மணி நேரம் என்று டிக்கெட் ஓரத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்தில் இந்தப் பேச்சு நடக்காத தெருவே கிடையாது. நானும் இருபது வருடமாக உறவுக்காரர்களை வழியனுப்பப் போய்வருகிறேன். அந்த அனுபவத்தில் மூன்று கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்று. மூன்று பேருமே விமானம் புறப்படும் நேரத்திலிருந்து கணக்குப் போடுகிறார்கள். நாம் பார்க்க வேண்டியது கவுன்டர் மூடும் நேரத்தை. வெளிநாட்டு விமானத்துக்குப் பொதுவாக மூன்று மணி நேரம் முன்பு கவுன்டர் திறக்கும், ஒரு மணி நேரம் முன்பு மூடும். சில நிறுவனங்கள் அதற்கும் கொஞ்சம் முன்னாலேயே மூடிவிடும். கேட் 20, 25 நிமிடம் முன்பு அடைத்துவிடுவார்கள். ஆக, காலை 4:30-க்கு விமானம் என்றால் பெட்டி போட உங்களுக்குக் கிடைப்பது 1:30-இலிருந்து 3:30 வரைதான். இரண்டு மணி நேரக் கணக்குக்காரர் 2:30-க்கு வாசலில் இறங்குகிறார், அவர் கையில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு மணி நேரம். நாலு மணி நேரக்காரர் 12:30-க்கே வந்து, திறக்காத கவுன்டர் முன்னால் ஒரு மணி நேரம் நிற்கிறார்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வளைகுடா விமானங்களில் நள்ளிரவு தாண்டிப் புறப்படுபவை நிறைய. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:40 என்று இருந்தால் 14-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாடு முடித்ததும் கிளம்பியாக வேண்டும். 15-ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்ற ஒருவரை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அவருக்கு நாலு மணி நேரம் முன்னால் வந்தும் பயன் இல்லை.

நாலு மணி நேரம் யாருக்கு

முதல் தடவை வேலை விசாவில் போகிறவருக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈசிஆர், அதாவது குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையில் இருக்கும். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, அவர்கள் அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாக அந்த அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் இமிகிரேஷனில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் சித்தி மகன் அப்படித்தான் குவைத்துக்குக் கிளம்பினான். அனுமதி வாங்கியாகிவிட்டது, ஆனால் அந்தத் தாள் அவன் கையில் இல்லை. "எல்லாம் ஆன்லைன்ல கிடக்கு, தாள் எதுக்கு?" என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். கவுன்டரில் இருந்த பெண் தாளைக் கேட்டார். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை.

வழியனுப்ப வந்தவர்கள் உள்ளே போக முடியாது. நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். அவன் வரிசையிலிருந்து விலகி, ஒரு தூண் ஓரத்தில் பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தான். நடுநடுவே சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். உள்ளே ஏசி. சித்தி கண்ணாடியில் கை வைத்தபடி, "மக்களே, தண்ணி குடி மக்களே" என்று சொல்லிக்கொண்டே நின்றார். அவனுக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது. முக்கால் மணி நேரம் கழித்து ஏஜென்ட் எடுத்தார், வாட்ஸ்அப்பில் தாள் வந்தது. ஊழியர் ஒருவர் மனமிரங்கி பிரின்ட் எடுத்துக் கொடுத்தார். அவன் பெட்டியைப் போட்டபோது கவுன்டர் மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

கவுன்டர் திறந்தபோது வரிசையில் முதல் பத்துப் பேருக்குள் அவன் நின்றதால்தான் இவ்வளவும் செய்ய முடிந்தது. அன்றைக்கு அத்தான் கணக்குப்படி போயிருந்தால் டிக்கெட்டோடு வேலையும் போயிருக்கும். புதிதாகப் போகிறவருக்கு நாலு மணி நேரம் என்றால் நான் சொல்வது இந்த ஒரு காரியத்துக்காகத்தான்: வரிசையில் முதலில் நிற்க. சிக்கல் இருந்தால் அது கவுன்டர் திறந்த முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட வேண்டும்.

மூன்று மணி நேரம்

குடும்பத்தோடு போகிறவர்கள், பெட்டி நிறையச் சாமான் உள்ளவர்கள், கைக்குழந்தை, வயதானவர்கள், சக்கர நாற்காலி கேட்டிருப்பவர்கள் எல்லாருக்கும் இதுதான் சரியான கணக்கு. பாதிப் பேருக்கு இமிகிரேஷனைவிட எடைதான் நேரத்தைத் தின்னும். டிக்கெட்டில் 30 கிலோ என்று இருக்கும். வீட்டில் முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் வற்றல், கருப்பட்டி, கருவாடு எல்லாம் அடுக்கி முடிந்தபின் மாங்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்று தனியாக வந்து சேரும். பெல்ட்டில் 33.4 என்று காட்டும். அப்புறம் தரையில் குத்தவைத்துப் பெட்டியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய கருவாட்டை எடுத்துக் கைப்பையில் திணித்து, மறுபடி வரிசைக் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஊறுகாயைக் கைப்பைக்கு மாற்றினால் செக்யூரிட்டியில் வாங்கி வைத்துவிடுவார்கள், 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள். பவர் பேங்க் நேர்மாறு. அது பெட்டிக்குள் இருக்கவே கூடாது, கையில்தான். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப்பசையால் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்பதால் கைப்பையிலும் ஆகாது.

கசகசா பற்றியும் சொல்லவேண்டும். நமக்கு அது குருமாவுக்கு அரைக்கிற சாமான். அமீரகத்திலும் சவுதியிலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். மசாலாப் பொட்டலத்தில் ஒரு பிடி இருந்தாலும் எடுத்துவிடுங்கள். எவ்வளவு முன்னதாகப் போனாலும் இந்தத் தவறை இங்கே யாரும் கண்டுபிடித்துச் சொல்லமாட்டார்கள், அங்கே இறங்கியபின்தான் தெரியும்.

இரண்டு மணி நேரம்

அத்தானை நான் குறை சொல்லவில்லை. வெப் செக்-இன் முடித்து, ஒரு கைப்பையோடு, ரெசிடென்ட் விசாவில் திரும்பிப் போகும் ஆளுக்கு இரண்டு மணி நேரம் போதும், ஆனால் சாதாரண நாளில் மட்டும். வெப் செக்-இன் செய்திருந்தாலும் பெரும்பாலும் பாஸ்போர்ட்டையும் விசாவையும் கவுன்டரில் காட்டத்தான் வேண்டியிருக்கும், நேராகக் கேட்டுக்குப் போய்விடலாம் என்று நினைக்கக் கூடாது. கிறிஸ்துமஸ் முடிந்த ஜனவரி முதல் வாரமும், வளைகுடாப் பள்ளி விடுமுறை முடியும் ஆகஸ்ட் கடைசியும் சாதாரண நாள் அல்ல. அப்போது அத்தானும் மூன்று மணி நேரத்துக்கு வந்துவிட வேண்டும்.

அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு ஒரு நல்ல வழி வந்திருக்கிறது. விரைவு இமிகிரேஷன் திட்டம் 2024-இல் டெல்லியில் தொடங்கி, 2025 செப்டம்பரில் திருவனந்தபுரத்துக்கும் வந்தது. ஆன்லைனில் விண்ணப்பித்து, கைரேகையும் முகமும் ஒருமுறை பதிந்துகொண்டால் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். வரிசை மிச்சம். இதை, முகம் காட்டி உள்ளே போகும் டிஜியாத்ராவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது உள்நாட்டு விமானத்துக்கு.

ரோட்டுக் கணக்கு

இப்போது சொல்வதுதான் எனக்கு முக்கியம். நாலா மூன்றா என்று சண்டை போடும் நாம், ஏர்போர்ட் வாசல் வரைக்கும் உள்ள தூரத்தை எப்போதும் ஒரே கணக்காக வைக்கிறோம். களியக்காவிளையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், மார்த்தாண்டத்திலிருந்து 45, நாகர்கோவிலிலிருந்து எழுபது ஒட்டி. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நாமும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான். தலைநகரம் கேரளத்துப் பக்கம் போனாலும் தூரம் கூடவில்லை. ஆனால் அங்கே நடக்கும் விசேஷங்கள் நம் காலண்டரில் இருப்பதில்லை.

ஆராட்டை, அதாவது சாமியைக் கடலில் நீராட்டும் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் பங்குனியிலும் ஐப்பசியிலும் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். விமான நிலையம் வந்தது 1932-இல், ஊர்வலப் பாதை அதற்கு எவ்வளவோ முந்தியது. அன்று மாலை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. நேரத்தை மாற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஆனால் ஏஜென்ட் எண்ணைக் கொடுத்து எடுத்த டிக்கெட் என்றால் அந்தச் செய்தி ஏஜென்ட் போனுக்குத்தான் போகும். வள்ளக்கடவு, ஈஞ்சக்கல் பக்கம் வண்டியும் நகராது.

மாசியில் ஆற்றுகால் பகவதி கோயில் பொங்கல். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு இருக்கிறது. முதல் நாளே தெருவோரமெல்லாம் செங்கல் அடுப்பு வரிசையாக வந்துவிடும். அன்று பகல் விமானம் என்றால், பொங்கல் தொடங்குமுன் விடியற்காலையிலேயே போய்விடுங்கள், உள்ளே எத்தனை மணி நேரம் உட்கார வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. ஹர்த்தால் இன்னொன்று. ஏழு நாள் முன்பே அறிவிக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதனால் மலையாளச் செய்தியையும் ஒரு கண் பார்த்துவையுங்கள். அன்று நம் பஸ்கள் களியக்காவிளையோடு நின்றுவிடும்.

வழிகளையும் ஒப்பிடலாம். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று போகும் பழைய ரோட்டில் பாலராமபுரம் சந்திப்பு ஒன்று போதும், மாலை நேரத்தில் அரைமணி நேரத்தை விழுங்கிவிடும். காரோட்டில் ஏறிக் கோவளம், திருவல்லம் வழியாகச் சாக்கை வரைக்கும் போகும் பைபாஸ் இப்போது நல்ல வழி. வண்டிக்காரரிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள், திருவல்லத்தில் டோல் உண்டு. கூடவே "இன்டர்நேஷனல் டெர்மினல், சாக்கை பக்கம்" என்றும் சொல்லவேண்டும். உள்நாட்டு டெர்மினல் சங்குமுகம் பக்கம், இரண்டுக்கும் நடுவில் ஓடுபாதை. தப்பான பக்கம் இறங்கினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து போக வழி இல்லை, மறுபடி வண்டிதான்.

ரயில் மலிவு. குழித்துறையிலிருந்தோ பாறசாலையிலிருந்தோ ஏறித் திருவனந்தபுரம் சென்ட்ரல் இருக்கும் தம்பானூரில் இறங்கினால் ஏர்போர்ட் ஆறேழு கிலோமீட்டர். பகல் விமானத்துக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன், ஆனால் ஒரு வண்டி முந்தியதில் போங்கள். அதிகாலை விமானத்துக்கு ரயிலை நம்பினால் முதல் நாள் ராத்திரியே போய்த் தம்பானூரில் அறை எடுக்க வேண்டியிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன் மழை வலுக்கும் நாட்களில் அதுவும் மோசமில்லை, தண்ணீர் நிற்கும் ரோட்டில் நடுராத்திரி மாட்டிக்கொள்வதைவிட அறை வாடகை குறைவுதான். கொச்சி டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்பவர்கள் முதல் நாளே ரயிலேறி ஆலுவாவிலோ அங்கமாலியிலோ தங்கிவிட வேண்டும். அதையும் கூட்டினால் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து துபாய்க்கும் கொழும்புக்கும் விமானம் இருக்கிறது. மார்த்தாண்டத்துக்காரருக்கு அது நீண்ட வழி, நாகர்கோவிலுக்குக் கிழக்கே இருப்பவர்கள் யோசிக்கலாம்.

என் கணக்கு இதுதான்: கவுன்டர் திறக்கும்போது வரிசையில் நிற்க வேண்டும், அதற்கு முன்னால் ரோட்டுக்கு முக்கால் மணி நேரம் கூடுதல். வழியனுப்புவதை இதற்குள் சேர்க்கக் கூடாது. வாசலில் பெட்டி வண்டியைப் பிடித்தபடி அழுது, போட்டோ எடுத்து, பெரியவர்கள் தலையில் கை வைத்து ஜெபம் சொல்ல இருபது நிமிடம் ஆகும். அதைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. இரண்டு வருடம் கழித்துத்தான் அந்த முகத்தை மறுபடி பார்க்கப் போகிறார்கள். வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன், திண்ணையில் உட்கார்ந்து நிதானமாக.

அடுத்த மாதம் தம்பி மகள் நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போகிறாள், முதல் பயணம். விமானம் காலை 4:30. தாள்கள் எல்லாம் இரண்டிரண்டு நகல் எடுத்துக் கோப்பில் வைத்தாகிவிட்டது. முதல் பயணம் ஆனதால் 12:30-க்கு வாசலில் இறங்கவேண்டும். பைபாஸ் வழி ஒன்றேகால் மணி நேரம், கூடுதல் முக்கால் மணி, ஆக 10:30-க்கு வண்டி எடுக்கவேண்டும். ஜெபம் பத்துக்கு. அம்மாவிடம் எட்டரைக்கே சோறு பரிமாறச் சொல்லியிருக்கிறேன்.