‘தி பிலடெல்பியா ஸ்டோரி’ ப்ளூ-ரே: ஹெப்பர்ன் விழுந்து எழுந்த இடம்

ஹாலிவுட் நடிகை கேதரின் ஹெப்பர்னை அறிய ஒரே ஒரு டிஸ்க்தான் வாங்குவேன் என்பவர், அவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த நான்கு படங்களையும் விட்டுவிடலாம். பழைய படங்களை மீட்டெடுத்து வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் 2017இல் கொண்டுவந்த ‘தி பிலடெல்பியா ஸ்டோரி’ ப்ளூ-ரேயை எடுக்கலாம். 1940இல் வந்த இந்தப் படத்துக்கு அவருக்குக் கிடைத்தது வெறும் பரிந்துரைதான். ஆனால் மேடையும் சினிமாவும் அவர் வாழ்க்கையில் எப்படி ஒன்றையொன்று தாங்கின என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் டிஸ்க் இல்லை.

வாங்குமுன் ரீஜன் பாருங்கள், அதாவது எந்த நாட்டு ப்ளேயரில் டிஸ்க் ஓடும் என்ற குறியீடு. அமெரிக்கப் பதிப்பு ரீஜன் ஏ. இந்தியாவும் இலங்கையும் ரீஜன் சி. சாதாரண ப்ளேயரில் போட்டால் எச்சரிக்கை வாசகத்தோடு நின்றுவிடும். ‘ஆல் ரீஜன்’ என்று விற்கப்படும் ப்ளேயர்கள் சில டிவிடிக்கு மட்டும்தான் அப்படி. ப்ளூ-ரேக்கும் பொருந்துமா என்று கடைக்காரரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அங்கே ரீஜன் ஏதான்.

படத்தின் அளவு 1.37:1. இருபக்கமும் கறுப்புப் பட்டை இருக்கத்தான் செய்யும். அதை நிரப்ப டிவியில் ஜூம் வைத்தால் தலை வெட்டுப்படும். அசைவை மிருதுவாக்கும் மோஷன் ஸ்மூத்திங் அமைப்பையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 4கே மீட்டெடுப்பில் காப்பாற்றிய ஃபிலிம் துகள் வழவழவென்று ஆகிவிடும். ஒலி மோனோ. சவுண்ட்பாரில் சரவுண்ட் போட்டால் வசனம் கலங்கும், இதில் ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் பேசிவிடுவார்கள். ஆங்கிலம் நன்றாக வருபவர்களுக்கும் சப்டைட்டில் உதவும்.

இனி சரக்குக்கு வருவோம். 1938இல் திரையரங்கு உரிமையாளர்கள் ‘பாக்ஸ் ஆபீஸ் விஷம்’ என்று விளம்பரம் கொடுத்த நட்சத்திரப் பட்டியலில் ஹெப்பர்னும் இருந்தார். அவரை ஒப்பந்தத்தில் வைத்திருந்த ஆர்கேஓ ஸ்டூடியோ ஒரு சின்னப் படத்தை நீட்டியது. அவர் தன் பணத்தைக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார். பிறகு நாடக ஆசிரியர் ஃபிலிப் பாரி அவரை மனதில் வைத்தே எழுதிய நாடகம், இந்தப் படத்தின் மூலம், அவர் நடிப்பில் 1939 மார்ச்சில் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஏறி, 417 முறை நடந்தது. அதன் திரைப்பட உரிமையைக் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் வாங்கி ஹெப்பர்ன் கையில் கொடுத்திருந்தார். அதனால்தான் படத்தை எடுத்த எம்ஜிஎம் ஸ்டூடியோவிடம் இயக்குநரையும் உடன் நடிப்பவர்களையும் பற்றிப் பேரம் பேச முடிந்தது. இயக்குநராக ஜார்ஜ் க்யூகர் வந்தார். கேட்டது கிளார்க் கேபிளையும் ஸ்பென்சர் ட்ரேசியையும். கிடைத்தது கேரி கிராண்டும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும். நல்லதாகப் போயிற்று!

இந்தப் பின்னணி தெரிந்தால் வசனமே இல்லாத முதல் காட்சி வேறுவிதமாகத் தெரியும். கணவனின் கோல்ஃப் மட்டையை ஹெப்பர்ன் முழங்காலில் வைத்து முறிக்க, கணவனாக வரும் கிராண்ட் அவர் முகத்தில் கைவைத்துப் பின்னால் தள்ளுகிறார். இன்று பார்க்கக் கசப்புதான். ஆனால் ஹெப்பர்னின் திமிர் இறங்குவதைப் பார்க்கக் காத்திருந்த ரசிகர்களுக்குக் கணக்குப் போட்டு வைத்த காட்சி அது.

டிஸ்கின் கூடுதல் அம்சங்களில், படம் உருவானதில் அவர் பங்கு என்ன என்பதற்கு ஒரு அறிமுகப் படம் உண்டு. முதலில் அதைப் பாருங்கள். படம் ஓடும்போதே கேட்கும், திரைப்பட வரலாற்றாசிரியர் ஜீனின் பேசிங்கரின் வர்ணனையை இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தகவல் அவ்வளவு நெருக்கம். இரண்டுக்கும் நடுவில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டிக் கேவட் 1973இல் ஹெப்பர்னை எடுத்த பேட்டிகள், இரண்டு முழு நிகழ்ச்சிகள். கொடுத்த காசு இதற்கே சரியாகிவிடும். அரங்கை முன்கூட்டிப் பார்த்துவிட்டுப் போகத்தான் 66 வயது ஹெப்பர்ன் வந்தார். இது சரியில்லை, அது சரியில்லை என்று சாமான்களை நகர்த்தச் சொல்லிவிட்டு, இப்போதே பேசிவிடலாமே என்று உட்கார்ந்துவிட்டார். பார்வையாளர்கள் இல்லாததால் கைதட்டலுக்காக நிறுத்திப் பேசும் தேவையே இல்லை. எம்ஜிஎம்மோடு பேரம் பேசியவர் எப்படிப்பட்டவர் என்பது அந்தச் சில நிமிடங்களிலேயே பிடிபட்டுவிடும்.

குறைகளும் உண்டு. 1943 வானொலி நாடகத்தைச் சேர்த்திருக்கிறார்கள். அதில் ஹெப்பர்ன் இல்லை, லொரெட்டா யங் நடித்தது. 1942இல் மூல நடிகர்களே பேசிய ஒலிபரப்பைச் சேர்த்திருந்தால் ஒப்பிட்டுக் கேட்கலாம். ஹெப்பர்ன் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் 1993 ஆவணப்படமும் இங்கே கிடையாது. அது வார்னரின் 2005 இரட்டை டிவிடியில் இருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.