வேட்டி இடுப்புக்கு எந்தக் கைத்துப்பாக்கி?

குடியாத்தத்தில் அடகுக் கடை வைத்திருக்கும் என் மச்சானுக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வந்த அன்றைக்கே எனக்குப் போன். "மாமா, நீங்க மிலிட்டரில இத்தினி வருசம் இடுப்புல கட்டிக்கினு திரிஞ்சவரு. இன்னா வாங்கலாம், சொல்லுங்க."

நான் இருந்தது ராணுவ போலீசில். எங்களுக்குக் கொடுத்தது மேற்கு வங்கத்து ஈஷாப்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் செய்த 9 மி.மீ. பிஸ்டல். 13 தோட்டா பிடிக்கும், தோட்டா நிரப்பினால் கிலோவுக்குப் பக்கமாக வரும். யூனிஃபார்முக்கு மேல் பட்டையான பெல்ட், அதில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி உறை. அந்த அனுபவத்தை வைத்து மச்சானுக்கு யோசனை சொன்னால் லாரி ஓட்டுபவன் சைக்கிள் வாங்க யோசனை சொன்ன கதையாகிவிடும். அவன் கட்டுவது வேட்டி, போடுவது அரைக்கை சட்டை. பேங்க் லாக்கருக்கும் கடைக்கும் நகைப் பையோடு போய்வருவது ஸ்கூட்டரில். வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை மட்டுமில்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடம்போடு சேர்ந்த உறையில் இருக்க வேண்டும், முழுக்க மூடியிருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் இருக்கிறது.

நான் பழகிய 9 மி.மீ. தனியாருக்குக் கிடையாது. போலீஸ், ராணுவம் பயன்படுத்தும் அளவு என்பதால் அது தடை செய்யப்பட்ட ரகம். .38-ம் அப்படித்தான் (இந்த எண்கள் குழலின் அளவு, அங்குலக் கணக்கில்). மிச்சம் இருப்பதில் நம்மூர் ஆள் நிஜமாக வாங்கக்கூடியது .32, இல்லாவிட்டால் .22. இன்னொரு கணக்கும் உண்டு. முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். 2019 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி இரண்டாக்கிவிட்டார்கள். மச்சானிடம் அவன் அப்பா காலத்து டபுள் பேரல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கொடுக்க மனசு வராது. ஆக, மிச்சம் ஒரே ஒரு இடம். பிடிக்கவில்லை என்றால் பக்கத்தில் இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பது நடக்காது.

அவன் மனசு முதலில் போனது பிஸ்டல் பக்கம். ஈஷாப்பூரில் செய்யும் .32 'அஷானி'. பிஸ்டலில் ஒரு பெரிய வசதி, அது தட்டை. ரிவால்வரில் தோட்டாக்கள் உட்காரும் உருளை சட்டைக்கு அடியில் கொய்யாக்காய் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். பிஸ்டல் வயிற்றோடு ஒட்டிப் படுத்துவிடும். மறைத்து வைப்பது ஒன்றுதான் கணக்கு என்றால் பேச்சே இல்லை, பிஸ்டல்தான்.

ஆனால் எடுத்துச் சுடும் நேரத்தை யோசியுங்கள். பிஸ்டலில் சேம்பரை, அதாவது குழலின் பின்னால் தோட்டா வெடிக்கும் அறையை, காலியாக வைத்துக்கொண்டு திரிந்தால், தோட்டா ஏற்ற மேலே நகரும் ஸ்லைடை இழுத்துவிட இரண்டு கை வேண்டும். மச்சானின் ஒரு கையில் நகைப் பை. சேம்பரில் தோட்டா ஏற்றியே வைத்துக்கொள்ளலாமா என்றால், அதற்குத் தினப் பழக்கம் வேண்டும். எங்களுக்குக் காலையில் ஆயுதம் வாங்கும்போது ஒரு சோதனை, மாலையில் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு சோதனை, நடுவில் சத்தம் போட ஒரு சுபேதார். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றிவிட்டோம், துப்பாக்கி காலி என்று நினைத்து விசையை இழுத்துக் கூரையில் ஓட்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதுவும் பயிற்சி பெற்றவர்களை. சேம்பரில் தங்கிவிட்ட அந்த ஒரு தோட்டா இருக்கிறதே, அது யாரையும் மதிக்காது. மச்சான் லைசென்சுக்காகப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கினான். அதற்குப் பிறகு வருடத்துக்கு எத்தனை தோட்டா சுடுவான்? பத்து சுட்டால் அதிசயம்.

தோட்டா வெடிக்காமல் போனாலும் இதே கதைதான். ரிவால்வரில் விசையை இன்னொரு முறை இழுத்தால் உருளை சுற்றி அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் ஸ்லைடை இழுத்து, செத்த தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்ற வேண்டும். ராணுவத்தில் இந்த மாதிரி நின்றுபோவதை 'ரோக்' என்போம். கண்ணைக் கட்டிக்கொண்டு ரோக் நீக்கப் பழக்குவார்கள். .32 பிஸ்டல் தோட்டாவுக்கென்று தனியாக ஒரு குணமும் உண்டு. அதன் அடி விளிம்பு லேசாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் இரண்டும் நகராது, கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும். அடிக்கடி நடப்பதில்லை. நடந்தால் கடைக்காரன் கையில் சரியாவதும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பிஸ்டலும் .32, ரிவால்வரும் .32 என்பதால் தோட்டாவும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் ஏராளம். ரிவால்வருக்கானது நீளமானது, அடியில் முழு விளிம்பு உள்ளது. பிஸ்டலுக்கானது குட்டை. நீளமானது பிஸ்டல் மேகசினில் நுழையாது, அதனால் அங்கே தொல்லை இல்லை. குட்டையானது ரிவால்வரின் அறைக்குள் போய் அழகாக உட்கார்ந்துகொள்ளும், அதுதான் ஆபத்து. அந்த அழுத்தத்துக்குப் பழைய ரிவால்வர்களைச் செய்யவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கடையிலேயே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தபோது நீளம் குறைவாகத் தெரிந்ததால் பிழைத்தார். பெட்டி மேல் அச்சடித்திருப்பதைக் கடையிலேயே நின்று படித்துவிட்டு வாங்குங்கள்.

பழைய வெளிநாட்டுச் சரக்கு பற்றியும் மச்சான் கேட்டான். யாரோ ஒருவரிடம் வால்தர் பிபிகே விலைக்கு இருக்கிறதாம். ஜெர்மன்காரன் 1931-இல் கொண்டுவந்தது, 7 தோட்டா, ஒரு அங்குலத் தடிமன், 600 கிராமுக்கும் குறைவு. கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. மறைத்து வைப்பதற்கென்றே பிறந்தது. ஆனால் எண்பதுகளின் நடுவிலேயே இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். இப்போது கைமாறுவது எல்லாம் அதற்கு முன்னால் வந்தது, லட்சக்கணக்கில் விலை. ஸ்பிரிங் தளர்ந்தால், மேகசின் நெளிந்தால், காட்பாடியில் உதிரிபாகம் கிடைக்குமா? அந்தப் பணத்துக்கு நகை வாங்கி லாக்கரில் வைக்கலாம் என்றேன். அடகுக் கடைக்காரனுக்கு அது உடனே புரிந்தது.

ரிவால்வர் என்று முடிவான பிறகுதான் உண்மையான குழப்பம் ஆரம்பித்தது. சின்னதில் சின்னது ஈஷாப்பூரின் 'நிடர்'. .22, எட்டுத் தோட்டா, எடை 250 கிராம். ஆற்காட்டு மக்கன் பேடா கால் கிலோ பெட்டியை இடுப்பில் செருகிய மாதிரி இருக்கும். விலையும் மற்றவற்றைவிட மிகக் குறைவு. ஆனால் .22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பசை அடி விளிம்புக்குள் சுற்றிலும் தடவியிருக்கும். ஒரு இடத்தில் பசை சரியாகப் பரவாவிட்டால், சுத்தியின் அடி அங்கே விழுந்தால், சத்தமே வராது. .32-ல் பற்றவைக்கும் மூடி நடுவில் தனியாக இருப்பதால் அந்தக் கவலை குறைவு. பலமும் .22-க்குக் குறைவுதான். எடை ஒன்றைத் தவிர அதில் எனக்கு ஈடுபாடு வரவில்லை.

மிஞ்சியவை கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் இரண்டு .32 ரிவால்வர்கள். 'நிர்பீக்' 2014 ஜனவரியில் வந்தது. பெண்களுக்கென்று விளம்பரம் செய்தார்கள். டைட்டானியம் கலவை, ஆறு தோட்டா, 500 கிராம். வந்தபோதே விலை 1,22,360 ரூபாய், அதனால் அதை வாங்கியவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். 'பிரபல்' 2023 ஆகஸ்டில் வந்தது, தோட்டா இல்லாமலே 700 கிராம். நிர்பீக் வெப்லி என்ற பழைய ஆங்கிலேய ரிவால்வர் முறையில் நடுவில் முறிந்து திறக்கும், பிரபலில் உருளை மட்டும் பக்கவாட்டில் வெளியே வரும். பக்கவாட்டில் திறப்பதுதான் எனக்குப் பிடித்தது. ஆறு அறையும் காலியா என்று ஒரே பார்வையில் தெரியும், துப்பாக்கியின் சட்டகம் (ஃபிரேம்) முழுசாக இருப்பதால் உறுதியும் அதிகம். கனம் இருப்பதால் சுடும்போது கையைக் குறைவாக உதைக்கும். பேண்ட் போட்டு நல்ல தோல் பெல்ட் கட்டுகிற எனக்கு என்றால் பிரபல்தான், யோசிக்கவே மாட்டேன்.

மச்சானுக்கு என்று வரும்போது தயங்கினேன். 200 கிராம் வித்தியாசம் பேப்பரில் ஒன்றுமில்லை, இடுப்பில் எப்படி என்பது கட்டிப் பார்த்தால்தான் தெரியும். அவன் கடையில் தராசுக்கும் படிக்கல்லுக்கும் பஞ்சமா? ஒரு கித்தான் பையில் 700 கிராம் படிக்கல் போட்டு, தோட்டாவுக்கு ஆறேழு பித்தளை ஆணியையும் சேர்த்து, வாயைத் தைத்து, அவனுடைய பச்சை வேட்டி பெல்ட்டில் கோத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் எங்கே போனாலும் கழற்றக் கூடாது என்பது நிபந்தனை.

அது கத்திரி வெயில் காலம். முதல் நாள் சாயங்காலமே பெல்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து வேட்டி இறங்கிவிட்டது. ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் பை வயிற்றில் குத்துகிறது என்று பின்பக்கம் தள்ளினான், கடையில் திண்டில் சாய முடியவில்லை. இரண்டாம் நாள் முழுக்க அவன் கை அந்த இடத்துக்கே போய்ப் போய் வந்ததாம். அதை என் தங்கச்சி, அவன் பெண்சாதிதான் போனில் சொன்னாள்: "அண்ணா, யார் பாத்தாலும் இடுப்புல இன்னாமோ கீதுன்னு தெரிஞ்சுடும்." மறைத்து வைத்திருப்பவனைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அவன் கைதான். நான்காம் நாள் நான் குடியாத்தம் போனபோது பை கல்லாப்பெட்டிக்குள் இருந்தது. "மறந்துட்டேன் மாமா" என்றான்.

இரண்டு கல்லை எடுத்து 500 ஆக்கினேன். பெல்ட்டை மாற்றினேன், இரண்டு அடுக்குத் தோலில் கெட்டியானது. எட்டு நாள் கழித்துப் போனபோது சாப்பிட உட்கார்ந்திருந்தான். பை எங்கே என்றேன். சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் "கீது மாமா" என்றான்.

அதோடு நிர்பீக் என்று முடிவாயிற்று. பழைய முறைத் திறப்பு, இழுக்கக் கடினமான விசை, எல்லாம் தெரிந்தேதான். வேட்டி கட்டாத ஆளாக இருந்தால் என் பதில் வேறு.

கூடவே நான் சொல்லி வைத்தவை சில. ஆந்திர எல்லை பரதராமியைத் தாண்டினால் வந்துவிடும். லைசென்ஸ் எந்தெந்த இடத்துக்குச் செல்லும் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் சித்தூர் மண்டிக்குத் துப்பாக்கியோடு போகக் கூடாது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நெரிசலுக்கு அது வீட்டில் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கு வானத்தைப் பார்த்துச் சுடச் சொல்லி யாராவது உசுப்பேற்றினால், அதற்கு இரண்டு வருடம் ஜெயில், ஒரு லட்சம் அபராதம் வரை போகலாம். தேர்தல் வந்து ஒப்படைக்கச் சொன்னால் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலை ஏப்ரலில் ரத்து செய்து ஆகஸ்டில் நடத்தினார்களே, அப்போது மச்சானின் டபுள் பேரல் ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை போய்வந்தது.

உறை விஷயத்தில் மட்டும் நம் பக்கத்துக்காரனுக்கு யாரும் போட்டி இல்லை. ரெடிமேடாக வரும் நைலான் உறை வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு துப்பாக்கி மேலேயே தேய்க்கும். தோலிலும் இரண்டு ஜாதி. குரோம் ஏற்றிப் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் உருவம் நிற்காது, அதிலுள்ள உப்பு இரும்பையும் அரிக்கும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழைய முறைத் தோல் விறைப்பானது. நனைத்து அச்சில் வைத்து அழுத்திக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். எந்தத் தோலானாலும் ராத்திரி துப்பாக்கியை உறைக்குள் விட்டுவைக்கக் கூடாது. கழற்றி, துடைத்து, லேசாக எண்ணெய் காட்டிப் பூட்ட வேண்டும். டைட்டானியம்தானே என்று விட்டுவிட முடியாது, உள்ளே ஸ்பிரிங்கும் பின்னும் இரும்புதான்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று வீட்டிலேயே தைக்கும் ஒரு பெரியவரைப் பிடித்தோம். துப்பாக்கியைக் கொண்டுவரச் சொன்னார். அதை இன்னொருவர் கையில் கொடுத்து நாலு நாள் விட்டுவர முடியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ கட்டையில செஞ்சு குடுங்க" என்றார். அளவெடுத்துத் தச்சரிடம் வேப்பங்கட்டையில் ஒரு நிர்பீக் செதுக்கி வாங்கினோம். உருளையின் உருட்டு, பிடியின் வளைவு, எல்லாம் அச்சு அசல். அதன் மேல் ஈரத் தோலைப் போர்த்தி அழுத்தி ஆறு நாளில் உறை தயார். கட்டைத் துப்பாக்கி இப்போது கடை மேஜையில் அடகு ரசீதுகள் ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறது. நகை மீட்க வருகிறவர்கள் அதைத்தான் நிஜம் என்று நினைத்து ஒரு நொடி பின்வாங்குகிறார்களாம்.