திருவொற்றியூரா, கொளத்தூரா: வீடு வாங்குமுன் மழையையும் உப்பையும் எடைபோடுதல்

வடசென்னையில் வீடு தேடும் நடுத்தரக் குடும்பத்தின் முன் பெரும்பாலும் இரண்டு திசைகள் இருக்கின்றன: கிழக்கே கடலை ஒட்டிய காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், மேற்கே வியாசர்பாடி, பெரம்பூர், கொளத்தூர். விலையையும் பள்ளியையும் மெட்ரோவையும் ஒப்பிட்டுச் சொல்லத் தரகர்கள் உண்டு. இரு பக்கத்துக்கும் வானிலை வெவ்வேறு விதமான செலவுகளை வைக்கிறது என்பதைப் பலர் பத்திரப்பதிவு முடிந்த பிறகே அறிகிறார்கள்.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை பெய்கிறது, அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை தருவது. பெய்யும் அளவைவிட, பெய்த நீர் வெளியேறும் வழியில்தான் வேறுபாடு இருக்கிறது. கொளத்தூரும் அதைச் சுற்றிய பகுதிகளும் ரெட்டேரி போன்ற ஏரிகளையும் அவற்றின் பாசன நிலங்களையும் அடுத்து வளர்ந்தவை. இங்கே விழும் நீர் ஓட்டேரி நல்லா என்னும் ஓடை, கொடுங்கையூர் கால்வாய் ஆகியவற்றின் வழியே பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்தாக வேண்டும். அந்தக் கால்வாயே நிரம்பி நிற்கும் நாளில் மழைநீர் வடிகால் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பயன் குறைவு. 2021 நவம்பர் 6ஆம் தேதி இரவு தொடங்கிய ஒரே மழையில் நுங்கம்பாக்கத்தில் 20 செ.மீ.க்கு மேல் பதிவானபோது, கொளத்தூரிலும் பெரம்பூரிலும் தெருக்கள் குளமாயின. கணேசபுரம் சுரங்கப்பாதை மூடப்படுவதைச் செய்தியாகக் கருதுவதை வியாசர்பாடிக்காரர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

கடலோர மணல்மேடு நீரை உறிஞ்சிவிடும் என்பதால் அந்தப் பக்கம் பாதுகாப்பானது என்று சொல்வார்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களுக்கு இது பெருமளவு பொருந்தும். அங்கிருந்து மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயை நோக்கி இறங்க இறங்கப் பொருந்தாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர்ப் பக்கத்தில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீடுகளுக்குள் புகுந்தது. நீர் வடிந்தாலும் எண்ணெய்க்கறை சுவரை விட்டுப் போவதில்லை.

வெயிலில் கிழக்குப் பக்கத்துக்கே வெற்றி. கடற்காற்று முதலில் அங்கேதான் நுழைகிறது. மேற்குக் காற்று வலுத்து அது தாமதமாகும் மே மாத நாட்களில் மேற்குப் பக்கம் இன்னும் நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஆனால் அதே காற்று உப்பையும் கொண்டுவருகிறது, என் கணக்கில் இதுவே கனமான செலவு. காங்கிரீட்டுக்குள் உப்பு இறங்கினால் கம்பி துருப்பிடித்து வீங்கும், மேற்பூச்சு வெடித்து உதிரும். பழைய அடுக்குமாடியில் வீடு பார்க்கிறவர் பால்கனியின் அடிப்பாகத்தையும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகத்தையும் பார்க்க வேண்டும்; அண்மையில் பூசி வெள்ளையடித்த இடங்களில் சந்தேகம் இருமடங்காக வேண்டும். போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்ப்பதும் அவசியம். இவற்றுக்கு மேலாகக் கடல் அரிப்பு: துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் வடக்கே நகரும் மணலைத் தடுத்ததால் மெரினா அகன்றது, வடகரை தேய்ந்தது. அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி அமைத்த தூண்டில் வளைவுகள் இருக்கும் இடத்தில் முதல் வரிசை வீட்டை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

ஆகவே ஒரே விலைக்கு இரண்டும் கிடைத்தால், கொளத்தூரில் ஸ்டில்ட் பார்க்கிங் (தூண்களுக்கிடையே தரைமட்டத்தில் வண்டி நிறுத்தும் இடம்) உள்ள கட்டடத்தின் முதல் தளத்தைத் தேர்வேன். வெள்ளம் ஆண்டுக்குச் சில நாள் தொல்லை, உப்போ நாள்தோறும் வேலை செய்கிறது. தனிவீடுதான் வேண்டும் என்பவருக்கு இந்த முடிவு தலைகீழாகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடப்பட்ட சாலைகளால் மேற்குப் பக்கத்தில் பல வீடுகளின் வாசல் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. வீட்டை உயர்த்தும் செலவோடு ஒப்பிட்டால், நெடுஞ்சாலையை ஒட்டிய திருவொற்றியூர்த் தெருவில் துருவைச் சமாளிப்பது எளிது. வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயர வேறுபாட்டை டேப் வைத்தே அளக்கலாம். மின்மீட்டர் பெட்டி வழக்கத்தைவிட உயரத்துக்கு மாற்றப்பட்டிருந்தால், ஏன் என்று பக்கத்து வீட்டில் கேட்கலாம்.

மணலி, சடையங்குப்பம் மனைகள் இவ்விரண்டையும்விட மலிவு. புழல் ஏரியின் உபரிநீர் எண்ணூரை நோக்கிச் செல்லும் பாதை அந்தப் பக்கமாகத்தான் போகிறது என்பதால், இந்த ஒப்பீட்டில் அவற்றைச் சேர்க்கவில்லை.