சிஆர்ஜே 700க்கு எந்த த்ராட்டில் குவாட்ரன்ட் வாங்கலாம்?

ஃப்ளைட் சிமுலேட்டரில் சிஆர்ஜே 700 என்ற சிறிய ஜெட் பயணிகள் விமானத்தை ஓட்ட கீபோர்டு போதாது; எஞ்சின் விசை லீவர்கள் கொண்ட த்ராட்டில் குவாட்ரன்ட் வேண்டும். அந்த விமானத்தில் விசையைத் தானே சரிசெய்யும் ஆட்டோ த்ராட்டில் கிடையாது. எஞ்சின் விசிறியின் வேகத்தைக் காட்டும் என்1 அளவைப் பார்த்துக்கொண்டே லீவரைக் கையால்தான் நகர்த்த வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வாங்கக்கூடியவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை இரண்டு: த்ரஸ்ட்மாஸ்டர் டிசிஏ ஏர்பஸ் குவாட்ரன்ட், ஹனிகோம்ப் பிராவோ.

டிசிஏவின் பலம் அதன் பள்ளங்கள், அதாவது லீவர் தடுக்கி நிற்கும் இடங்கள். ஏர்பஸ்ஸுக்காகச் செய்தவைதான், ஆனால் சிஆர்ஜேயிலும் கிளைம்ப் (மேலேறும் விசை), டோகா (புறப்படும் விசை) என நிறுத்தங்கள் உண்டு. சிமுலேட்டரின் கேலிப்ரேஷன் பக்கத்தில் டிசிஏவில் சிஎல் என்று குறித்த பள்ளத்தை கிளைம்பாகவும், எஃப்எல்எக்ஸ் என்று குறித்த பள்ளத்தை டோகாவாகவும் பதியுங்கள். ஓடுபாதையிலிருந்து கண்ணை எடுக்காமலே விரல் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். பிராவோவின் லீவர்களில் இந்த இடைநிறுத்தங்கள் இல்லை.

ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடிப்பு) விஷயத்தில் நிலைமை தலைகீழ். டிசிஏவின் கூடுதல் தொகுதியிலுள்ள ஃப்ளாப் லீவருக்கு ஐந்து நிலைகள். சிஆர்ஜே 700க்கோ ஆறு: 0, 1, 8, 20, 30, 45. ஒன்று இடிக்கும். பிராவோவில் மேலே தட்டினால் ஒரு படி, கீழே தட்டினால் ஒரு படி, அதனால் எந்த விமானத்துக்கும் பொருந்தும். ஸ்கூட் 2024 முதல் பறக்கவிடும் இ190-இ2வில் ஏழு நிலைகள். அதையும் ஓட்ட நினைப்பவர் பிராவோவையே எடுக்கலாம்.

எதை வாங்கினாலும் ஐடிலை, அதாவது லீவரின் குறைந்தபட்ச விசை நிலையை, முதலில் சோதியுங்கள். லீவரை முழுக்க இழுத்த பிறகும் சென்சார் ஒன்றிரண்டு சதவீதம் காட்டினால், விமானம் அதை ஐடிலாக ஏற்காது. தரை தொட்டதும் இறக்கை மேல் எழும் ஸ்பாய்லர்கள் விரியாமல் போகலாம், எஞ்சின் விசையை முன்னோக்கித் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்சரும் அடம்பிடிக்கும். கீழ்முனையில் மூன்று சதவீத டெட் சோன் (அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி) கொடுத்தால் தீரும். சாங்கியின் 4,000 மீட்டரில் இந்தக் குறை தெரியவே தெரியாது. சிங்கப்பூரின் சிறிய விமான நிலையமான சிலேத்தாரில் ஓடுபாதை சுமார் 1,840 மீட்டர்தான்; அங்கே இறக்கிப் பாருங்கள், உடனே மாட்டிக்கொள்ளும். லீவர் சரியாக இருந்தும் ரிவர்சர் திறக்கவில்லையா? ரிவர்சரைத் தயார்நிலையில் வைக்கும் இரண்டு ஆர்ம் சுவிட்சுகளும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சிஆர்ஜே மட்டும் போதும் என்பவருக்கு என் பரிந்துரை டிசிஏ. கூடுதல் தொகுதி வேண்டாம், ஃப்ளாப்பை ஜாய்ஸ்டிக் பொத்தான்களுக்கு மாற்றிவிடுங்கள். எடை குறைவு என்பதால் ரிவர்ஸ் இழுக்கும்போது மேசையில் நகரும். அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். பிராவோவுக்கு கிளாம்ப் கூடவே வரும், ஆனால் இடம் நிறைய பிடிக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறையின் சின்ன மேசை என்றால் அளந்து பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.