பழைய டாடா லாரி எஞ்சின்: சொந்த பிளாக்கிலேயே வேலை பார்ப்பதா, வேறு எஞ்சின் ஏற்றுவதா?

பேக் கம்ப்ரஷன் (ரிங்கைத் தாண்டி எரிந்த வாயு கீழே ஆயில் பக்கம் இறங்குவது) அடிக்கிறது, ஆயில் குடிக்கிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை. மூன்றும் சேர்ந்து வந்துவிட்ட வண்டிக்கு பிஸ்டன் ரிங்கை மட்டும் மாற்றி ஓட்டினால் சில மாதத்தில் மறுபடியும் பட்டறைதான். எஞ்சினை என்ன செய்வது என்று அப்போது முடிவெடுத்தே ஆக வேண்டும். இங்கே பேசுவது மெக்கானிக்கல் டீசல் பம்ப் வைத்த டாடா லாரிகளைப் பற்றி மட்டும்: 697 எஞ்சின் வைத்த 1613 வகை, கம்மின்ஸ் 6பிடி 5.9 லிட்டர் வைத்த 2515, 2518 வகை. 2017 ஏப்ரலில் பிஎஸ்4 புகை விதி வந்த பிறகான வண்டிகளின் சென்சார், யூரியா விவகாரமெல்லாம் வேறு கணக்கு.

வழிகள் நான்கு. இருக்கிற எஞ்சினை இறக்கி ஃபுல் வேலை பார்ப்பது, கம்பெனி ரீகண்டிஷன் எஞ்சினை மாற்றில் வாங்குவது, பழைய மார்க்கெட்டில் செகண்ட் ஹேண்ட் எஞ்சின் எடுப்பது, 697ஐக் கழற்றிவிட்டு கம்மின்ஸ் ஏற்றுவது. நாங்கள் எடுத்தது முதல் வழி. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

கடைசி வழியை முதலில் முடித்துவிடலாம். 697க்கு பதில் 6பிடி என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எஞ்சின் மவுண்டிங், பெல் ஹவுசிங், கிளட்ச், ரேடியேட்டர், இன்டர்கூலர் பைப், சைலன்சர் லைன் எல்லாம் மாற வேண்டும். இழுவை கூடியதும் பழைய ஜிபிஎஸ் 40 (GBS 40) கியர்பாக்ஸும் கிரவுன் பினியனும் அடுத்த செலவாக வந்து நிற்கும். போதாததற்கு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்சி புக்குக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. சொந்தக் குவாரிக்குள் மட்டும் ஓடுகிற வண்டி என்றால் யோசிக்கலாம். ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் எஞ்சின்தான் ஆசை காட்டுவது. சென்னை புதுப்பேட்டையிலோ சேலம், நாமக்கல் பக்கத்து பழைய சாமான் கடைகளிலோ 'ரன்னிங் கண்டிஷன்' என்று ஸ்டார்ட் செய்தே காட்டுவார்கள். கெட்டி ஆயில் ஊற்றி, ஏற்கெனவே சூடாக்கி வைத்த எஞ்சின் அரை மணி நேரம் நன்றாகத்தான் ஓடும். பார்ப்பதென்றால் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் பாருங்கள். சம்ப்பை (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கழற்றி, கனெக்டிங் ராடின் கீழ்முனையில் ஒரு பிக் எண்ட் கேப்பையாவது இறக்கி பேரிங்கைப் பார்க்க விடவில்லை என்றால் அப்போதே கிளம்பிவிடலாம். எந்த வண்டியிலிருந்து எடுத்தது, அந்த வண்டியின் ஆர்சி ரத்தான தாள் எங்கே, பில் போடுவார்களா என்பதும் முக்கியம். திருட்டு எஞ்சினாக இருந்து போலீஸ் வந்தால் மாட்டுவது வாங்கியவர்தான்.

ரீகண்டிஷன் எஞ்சின் நல்ல வழிதான். டாடாவே 'புரோலைஃப்' என்ற பெயரில் பழையதை வாங்கிக்கொண்டு ரீகண்டிஷன் செய்ததைத் தருகிறது. வேலை சுத்தம், வாரண்டி உண்டு, வண்டி நிற்கும் நாளும் குறைவு. நான்கில் பெரும்பாலும் செலவு கூடியதும் இதுதான். நேஷனல் பர்மிட்டுக்கு இரண்டு ஆக்சில் வண்டிக்கு 12 வருடம், மல்டி ஆக்சிலுக்கு 15 வருடம் என்று வயது வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டி ஜல்லி, செங்கல், தண்ணீர் டேங்கர் என்று உள்ளூரில் ஓடும் வண்டியின் மதிப்போடு ஒப்பிட்டால் பலருக்கும் கட்டுப்படியாகாது. வயது பாக்கியுள்ள வண்டிக்கு விலை கேட்டுப் பார்க்கலாம். உங்கள் பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடம்பு) திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

என் முடிவு நிற்பதே அந்த பிளாக்கில்தான். எஞ்சின் நம்பர் பொறித்திருப்பது அதில். பிளாக் மாறினால் ஆர்டிஓ ஆபீசில் அனுமதி, ஆர்சியில் திருத்தம், இன்சூரன்சில் திருத்தம் என்று வரிசையாக வரும். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி (ஃபிட்னஸ் சான்று). நம்பர் ஒத்துப்போகாத வண்டியோடு ஒவ்வொரு முறையும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்பது ஒரு பக்கம், விபத்தானால் சர்வேயர் முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான் என்பது இன்னொரு பக்கம். விற்கும்போது புரோக்கர் விலையை அடிப்பதும் இதைச் சொல்லித்தான்.

தாளைவிட இரும்பு முக்கியம். 697இல் டிரை லைனர் (பிஸ்டன் ஓடுவதற்காக பிளாக்குக்குள் இறக்கிய தனி உருளை) இருக்கிறது. தேய்ந்தால் பிரஸ்ஸில் தள்ளிவிட்டுப் புதிது இறக்கலாம், பிளாக் பிழைத்துக்கொள்ளும். கம்மின்ஸ் 6பிடியில் லைனரே கிடையாது, பிஸ்டன் ஓடும் துளை, அதாவது போர், பிளாக்கின் உடம்பிலேயே வெட்டியது. ஸ்டாண்டர்டு அளவு 102.00 முதல் 102.04 மி.மீ. அது 102.116ஐத் தாண்டினாலோ, மேலுக்கும் கீழுக்கும் 0.076 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ, வட்டம் 0.038க்கு மேல் கெட்டாலோ போரிங் போட்டு, அதாவது துளையைப் பெரிதாகக் கடைந்து, எடுக்க வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.50, 1.00 மி.மீ. என்று இரண்டே அளவு. அதற்கு மேல் போனால் துளைக்குள் தனி உருளை இறக்கி ஸ்லீவ் அடிப்பதுதான் வழி. சொந்த பிளாக் ஸ்டாண்டர்டிலேயே இருந்தால் இன்னும் இரண்டு ஆயுள் கையில் இருக்கிறது. மார்க்கெட்டில் வாங்கும் 6பிடி ஏற்கெனவே 1.00 போட்டதா, ஸ்லீவ் அடித்ததா என்பது ஹெட்டைக் கழற்றாமல் தெரியாது. கழற்றிக் காட்டி விற்பவர்கள் குறைவு.

சொந்த எஞ்சினில் வேலை பார்ப்பதாக முடிவெடுத்தால், பிஸ்டன் கிட் வாங்குவதற்கு முன் போர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஆறு போரும், மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரண்டு திசையில். தாளில் எழுதி வாங்குங்கள். 6பிடி என்றால் கிராங்க்கில் பேரிங் உட்காரும் மெயின் ஜர்னல் 83 மி.மீ., பிக் எண்ட் 69 மி.மீ. கிரைண்டிங் போட்டால் ஓரத்து வளைவை (ரேடியஸ்) அப்படியே விட வேண்டும். நேராக வெட்டிவிட்டால் கிராங்க் அந்த இடத்தில்தான் உடையும். ஹெட்டில் வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்யாமல் ஏற்றக் கூடாது. 6பிடியில் ஹெட் போல்ட் டைட் 90 நியூட்டன் மீட்டர், பிறகு நீள போல்ட்டுகள் மட்டும் 120, கடைசியில் எல்லாவற்றுக்கும் 90 டிகிரி திருப்பு. டாப்பெட் இடைவெளி இன்டேக் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ.

டைமிங் கவர் திறந்திருக்கும்போது ஒரு காரியம் கட்டாயம். பழைய 6பிடிகளில் கியர் கேஸிங்கைப் பொருத்தும் சின்ன டவல் பின் (dowel pin, இடம் பிசகாமல் பிடிக்கும் ஊசி) ஒன்று நாளடைவில் நழுவி கியருக்குள் விழும். விழுந்தால் கேஸிங் உடையும், டைமிங்கே கெடும். பக்கத்து போல்ட்டில் ஒரு சின்னத் தகடு வைத்து அது வெளியே வராமல் மடக்கிவிட்டால் போதும். டீசல் பம்ப் கியர் உட்காரும் டேப்பர் ஷாஃப்ட்டில் ஆயில் பிசுக்கு இல்லாமல் துடைத்து மாட்டுவதும் அப்படித்தான். விட்டுவிட்டால் டைமிங் நழுவி, குற்றம் பம்ப் பட்டறை மேல் விழும்.

ஃபுல் வேலை பார்த்த எஞ்சின் சீக்கிரம் படுப்பதற்கு பெரும்பாலும் காரணம் போரிங் அல்ல, கழுவாத ஆயில் கூலர். பேரிங் அடித்த எஞ்சினில் அதன் பொடி கூலருக்குள் தங்கியிருக்கும். புது பேரிங் போட்டு ஸ்டார்ட் செய்ததும் அது நேராகப் புது பேரிங்குக்குப் போகும். பேரிங் போயிருந்தால் கூலர் எலிமெண்ட்டை மாற்றிவிடுங்கள், கழுவி வைத்தது போதாது. டர்போவையும் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று தெர்மோஸ்டாட். 'நம்ம ஊர் வெயிலுக்கு வேண்டாம்' என்று கழற்றி வீசுவது பட்டறை வழக்கம். 6பிடியில் அது நேரெதிர் வேலை செய்யும். தெர்மோஸ்டாட் இல்லையென்றால் தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல் சுலபமான பைபாஸ் வழியாகவே வாட்டர் பம்புக்குத் திரும்பும், எஞ்சின் சூடாகும். 83 டிகிரி தெர்மோஸ்டாட் புதிதாகவே போடுங்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். கூலண்ட்தான் ஊற்ற வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசலை நிறுத்தி வைத்து, ஆயில் பிரஷர் ஏறும் வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு ஐடிலில் மணிக்கணக்காக விட வேண்டாம். ரிங் போரில் பதியாமல் வழவழப்பாகி, புது எஞ்சின் முதல் நாளிலிருந்தே ஆயில் குடிக்கும். அரை லோடில், ஆர்பிஎம்மை மாற்றி மாற்றி ஓட்டிவிட்டு, முதல் ஆயிலையும் ஃபில்டரையும் சீக்கிரமே மாற்றி, ஃபில்டரை வெட்டிப் பார்த்து, பித்தளை நிறத்தில் ஏதாவது மின்னினால் சம்ப்பை இறக்கிவிட வேண்டும்.

கனெக்டிங் ராடு வெளியே வந்து பிளாக் உடைந்த வண்டிக்கு இதெல்லாம் பொருந்தாது. அதற்கு ரீகண்டிஷன் எஞ்சினோ, தாள் சரியாக உள்ள செகண்ட் ஹேண்ட் பிளாக்கோதான். பிளாக்கை இறக்குவதற்கு முன்பே ஆர்டிஓ ஆபீசில் மனு கொடுத்துவிடுங்கள். ஏற்றிய பிறகு போனால் பில்லும் பழைய நம்பரும் கேட்டு அலைய விடுவார்கள்.