ஃபூட்டி பார்க்க எங்கே போகலாம்: மெல்பர்னா, நார்வுட்டா?

ஃபூட்டி என்றால் ஆஸ்திரேலியாவின் சொந்தக் கால்பந்து ஆட்டம். ஆஸ்திரேலியா வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது: "ஒரே ஒரு ஃபூட்டி மேட்ச்தான் பார்க்க நேரம் இருக்கு, எதுக்குப் போகலாம்?" பெரும்பாலோர் தேசிய லீக்கான ஏஎஃப்எல் என்பார்கள். நான் அடிலெய்டில் நடக்கும் தெற்கு ஆஸ்திரேலிய மாநில லீக்கான எஸ்ஏஎன்எஃப்எல் என்பேன்.

ஆட்டம் இரண்டிலும் ஒன்றுதான். ஓவல் மைதானம், முட்டை வடிவப் பந்து, அணிக்கு 18 பேர், இரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. பலகையில் 12.8 (80) என்று இருந்தால் 12 கோல், 8 பிஹைண்ட் என்று அர்த்தம். பந்தை எறியக் கூடாது. ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும்.

ஏஎஃப்எல்லின் பலம் அதன் பிரமாண்டம். 1897-இல் விக்டோரியா மாநிலத்தின் லீக்காக ஆடத் தொடங்கி, 1990-இல் பெயர் மாறி, இன்று 18 அணிகள். மெல்பர்னின் எம்சிஜி மைதானத்தில் லட்சம் பேர் உட்காரலாம். 1970 இறுதிப் போட்டிக்கு 1,21,696 பேர் வந்தார்கள். வேகமும் திறமையும் அங்கேதான் உச்சம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மேல் அடுக்கில் இடம் கிடைத்தால் வீரர்கள் எறும்பு மாதிரி தெரிவார்கள்.

எஸ்ஏஎன்எஃப்எல் ஆட்டம் நடக்கும் அடிலெய்டின் நார்வுட் ஓவல் மைதானத்தில் வேலியில் கை வைத்தபடி நின்று பார்க்கலாம். இரண்டு பேர் மோதும் சத்தம் காதில் விழும். மூன்றாவது குவார்ட்டர் முடிந்த சைரனுக்கு அப்புறம் கேட் திறக்கும். கூட்டம் புல்லில் இறங்கி நடக்கும். ஒரு பக்கம் பிள்ளைகள் பந்தை உதைக்க, நடுவில் வீரர்கள் தோளோடு தோள் வட்டமாக நிற்பார்கள். அந்த வட்டத்தைச் சுற்றி நாமும் நிற்கலாம். பயிற்சியாளர் வெள்ளைப் பலகையில் காந்த வில்லைகளை நகர்த்தி, யார் யாரை மறிக்க வேண்டும் என்று தொண்டை கிழியச் சொல்வது அப்படியே கேட்கும். எனக்கு இந்த ஆட்டம் புரிந்ததே அந்த ஐந்து நிமிடங்களில்தான்.

எஸ்ஏஎன்எஃப்எல் லீக்கின் வேர் 1877-க்குப் போகிறது. 1991-இல் அடிலெய்டு அணி ஏஎஃப்எல்லில் சேரும்வரை அந்த மாநிலத்துக்கு இதுதான் உச்சம். அப்புறம் இரண்டாம் படியாகிவிட்டது. 2014 முதல் அடிலெய்டு, போர்ட் அடிலெய்டு இரண்டின் ஏஎஃப்எல் ரிசர்வ் வீரர்களும் (முதல் அணியில் இடம் கிடைக்காதவர்கள்) இதிலேயே ஆடுகிறார்கள். பழைய கிளப் ரசிகர்களுக்கு அது இன்னும் உறுத்தல். எனக்கும்தான்: நூறு வருட ஊர்ப்பகை உள்ள லீக் இன்னொரு லீக்கின் பயிற்சிக் களமாகிவிடக் கூடாது.

பெண்கள் லீக்கான ஏஎஃப்எல்டபிள்யூ 2017-இல் தொடங்கியது. களத்தில் 16 பேர்தான் என்பதால் ஆட்டத்தைக் கண்ணால் தொடர்வது எளிது. முதல் மேட்சுக்கு அனுமதி இலவசம். கூட்டம் நிரம்பி, வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. மெல்பர்னை விட்டு நகர முடியாது என்றால் இதற்குப் போங்கள்.

ஏஎஃப்எல்எக்ஸ் என்று இந்த ஆட்டத்தின் சுருக்க வடிவம் ஒன்று வந்தது. செவ்வக மைதானம், அணிக்கு 7 பேர், தூரத்திலிருந்து உதைத்தால் 10 புள்ளி. 2018, 2019 இரண்டு வருடம் நடத்திக் கைவிட்டார்கள். ஆச்சரியமில்லை. பத்துப் பேர் முண்டியடிக்க, ஒருவர் இன்னொருவர் முதுகில் ஏறிப் பந்தைப் பிடிக்கும் அந்த 'மார்க்', ஆள் நெரிசல் இல்லாமல் வராது.

சரி, நார்வுட் போவதென்றால் ஒரு விஷயம். அடிலெய்டு நகர மையத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். பரேட் என்ற தெருவிலேயே மைதானம். மூன்றாவது குவார்ட்டர் முடியும்போது கேட் பக்கமாக நில்லுங்கள், வட்டத்தில் முன்வரிசை கிடைக்கும்.